விளக்கு அண்ணனின் கிட்டாரும் இரண்டாவது கையெழுத்தும்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம் நகம் வெட்டியது. பல் துலக்கக்கூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரலுக்கும் ஒட்ட வெட்டினேன். வேலை இருக்கிற நாட்களில் நானும் விளக்கு அண்ணனும் அப்படித்தான் செய்வோம். பழைய கிட்டாரைத் திறக்கிறவர்களுக்கு நகம் ஆகாது, வார்னிஷில் கோடு விழுந்துவிடும். என் கணவர் காப்பியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கூட்டம்தானே? கிட்டார் எதுவும் தொறக்கப் போறதில்லையே?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இன்று திறக்க எதுவும் இல்லை. சேர்ந்து திறக்க ஆளும் இல்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கண்ணாடி அறை ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் விளக்கு அண்ணனின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, கிட்டார் வாசிக்கிறவர்களே, வாங்குகிறவர்களே, விற்கிறவர்களே, பழுது பார்க்கிறவர்களே, இது எதுவுமே இல்லாமல் அந்த மனிதருக்காக மட்டும் வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். வணக்கத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும். முறை தெரியாமல் இல்லை. இன்று எனக்கு எதுவும் வரிசையாக வரவில்லை.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். என் பேச்சுக்கு அடுத்து, 'சான்றிதழில் கையெழுத்திடுதல்' என்று போட்டிருக்கிறது. எனக்கு இடப்பக்கத்தில் மேசை. மேசை மேல் தாங்கியில் நிற்பது விளக்கு அண்ணனின் சொந்தக் கிட்டார். அதன் காலடியில் சான்றிதழ். சான்றிதழ் மேல் மூடி கழற்றிய பேனா. இந்த மேடையிலிருந்து இறங்கும் படியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் பேசி முடித்தால் அந்த மேசையைக் கடக்காமல் கீழே வர வழியில்லை. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தாலும் நான் மேலே ஏறியதிலிருந்து அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பேச வேண்டியது அவரைப் பற்றி. பேசுகிறேன்.

யார் இந்த விளக்கு அண்ணன்? நம் தொழிலில் இல்லாதவர்களும் வந்திருப்பதால் சொல்கிறேன். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த எலக்ட்ரிக் கிட்டார்களுக்கு இன்று பெரிய மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒயர், ஒயரைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று, ஒலி கூட்டும் குமிழ், மேலே பூசிய வார்னிஷ், ஒரு திருகாணி வரை அன்று இருந்ததாகவே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எங்கள் பேச்சில் அது 'கைபடாதது'. எங்காவது ஒன்று மாறியிருந்தால் அது 'தொட்டது'. ஒரு கிட்டார் கைபடாததா, தொட்டதா? இந்த ஒரே கேள்விக்கு ஆயுள் முழுக்கப் பதில் சொன்னவர் அவர்.

அந்தப் பெயர் அவருக்கு வந்தது ஒரு புற ஊதா விளக்கால். இருட்டறையில் அந்த விளக்கைப் பிடித்தால் பழைய வார்னிஷ் பாசி படிந்த தண்ணீர் மாதிரி மங்கலான பச்சையில் ஒளிரும். பிறகு யாராவது தொட்டுப் பூசிய இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த விளக்கை அவருக்கு விற்றவள் நான்தான். இயற்பியல் படித்துவிட்டு, ஆய்வகச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் பை தூக்கிக்கொண்டு அலைந்த காலம். செயல்முறை விளக்கம் காட்டுவதற்காக அவருடைய அறைக்குள் போனேன். அவர் ஒரு கிட்டாரை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். எனக்குக் கிட்டாரின் தலை எது, வால் எது என்று தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். கழுத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு, அதன் ஓரம் நேர்க்கோடாக இல்லை, துணியால் தேய்த்த மாதிரி மங்கி முடிகிறது என்றேன். அவர் விளக்கை அணைத்தார். பிறகு சொன்னார்:

"விளக்கு எவ்வளவுன்னு அப்புறம் சொல்லும்மா. நீ எப்ப வேலைக்கு வர்ற?"

அன்றிலிருந்து எனக்கு டீச்சரம்மா என்று பெயர். ஒருநாள்கூட நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. படித்தவள் என்பதற்காக அவர் வைத்த பெயர். அவர் அப்படிக் கூப்பிட, நீங்கள் எல்லோரும் கூப்பிட, என் மாமியார் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த அறையை உங்களில் பலர் வாசல் வரைதான் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் கிடையாது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள். கதவிடுக்கில் ரப்பர் பட்டை. விளக்கைப் போட்டுவிட்டால் வேலை முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. முதல் வருஷம் எனக்கு மூச்சு முட்டும். சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"பயமா இருந்தா சொல்லு டீச்சரம்மா, கதவத் தொறந்துடறேன்."

"வெளிச்சம் வந்தா வேலை கெட்டுப்போகுமே அண்ணே."

"வேலைக்கென்ன, அது நாளைக்கும் கெடும்."

அப்படிப்பட்ட மனிதர். கதவைத் திறக்கிறேன் என்று சொன்ன பிறகு எனக்குத் திறக்கத் தோன்றவில்லை. பதினெட்டு வருஷம் அந்த இருட்டில் இருந்தேன். திறப்பேன் என்று சொல்கிற ஒருவர் உள்ளே இருக்கும்வரை அடைபட்ட அறையும் அறைதான் என்று அப்போது தெரிந்தது.

அவருடைய வேலை முறை ஒன்று உண்டு. அதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், உங்களில் பாதிப்பேர் அதைத் திட்டியும் இருக்கிறீர்கள். ஒரு கிட்டாரை ஒருவர் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலில் அவர் திறந்து பார்ப்பார். மூடி வைப்பார். பிறகு நான் திறந்து பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். மழை, வீடு, அண்ணியின் முழங்கால் வலி, என் மகனின் மார்க்கு, எல்லாம் பேசுவோம். கிட்டாரைப் பேச மாட்டோம். கடைசியில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரே சொல். இரண்டு சொல்லும் ஒன்றாக இருந்தால் சான்றிதழில் இரண்டு கையெழுத்து. வேறாக இருந்தால் கையெழுத்தே கிடையாது.

ஏன் இப்படி? நான் கேட்டிருக்கிறேன். "தனியாப் பார்க்கிறவன், பார்க்கணும்னு நெனச்சதத்தான் பார்ப்பான்" என்றார். தன்னைத்தான் சொன்னார். நான் வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் தனியாகப் பார்த்திருந்தார்!

ஒருமுறை ஒருவர் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. எங்கள் தாத்தா வாங்கியது, அன்றிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் கழற்றவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அண்ணன் கழுத்தைக் கழற்றினார். கழுத்து உட்காரும் பள்ளத்தில், உயரம் சரிசெய்ய யாரோ ஒரு காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மிட்டாய்க் காகிதம். அதுவும் தாத்தா காலத்து மிட்டாய் இல்லை, நான் பள்ளிக்கூடத்தில் தின்ற மிட்டாய். அண்ணன் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, "உங்க தாத்தா தொடலைங்க. நம்பறேன். ஆனா மிட்டாய் தின்ன கை ஒண்ணு தொட்டிருக்கு" என்றார். அந்த மனிதர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க அண்ணன்தான்... திருட்டுப்பய" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே போனார். கிட்டாரை விற்கவில்லை. காகிதத்தையும் திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று. இதைச் சொல்லலாமா என்று மேடையில் இருக்கும் ஐயாவை இப்போதுதான் பார்த்தேன். சிரிக்கிறார், அதனால் சொல்கிறேன். கண்ணாடி அறை ஐயாவைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. அவர் சேர்த்து வைத்திருக்கும் கிட்டார்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிற்கும் அறையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் இருட்டறை இருப்பதும் அவருடைய கட்டடத்தில்தான். அவர் ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த கிட்டார் ஒன்று எங்களிடம் வந்தது. அண்ணன் பார்த்தார். நான் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர், "கைபடாதது" என்றார். நான், "தொட்டது" என்றேன். குமிழின் முதுகில் இருந்த ஈயப்பற்று பழையது மாதிரியே மங்கியிருந்தது. ஆனால் அதன் ஓரத்தில், ஈயத்துக்கு அடியில் மெல்லிய தூசி. தூசி படிந்த பிறகு ஊற்றிய ஈயம் அது. எனக்கு அப்படித் தெரிந்தது. அவருக்கு அப்படித் தெரியவில்லை. அவர் வாதாடவில்லை, நானும் வாதாடவில்லை. ஐயாவைக் கூப்பிட்டு, "எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. அதுதான் பதில்" என்றார்.

"யாரு சொல்றது சரின்னாவது சொல்லுய்யா" என்றார் ஐயா. அன்று அவர் சிரிக்கவில்லை.

"அது தெரிஞ்சா ரெண்டு பேரு எதுக்கு?" என்றார் அண்ணன்.

நான் சொன்னது சரியென்று அவர் கடைசிவரை சொன்னதில்லை. தவறென்றும் சொன்னதில்லை. அது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால், அவர் எனக்குக் கொடுத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவே இல்லை அவர்.

இனி இந்தக் கிட்டாருக்கு வருகிறேன்.

மற்றவர்கள் கிட்டாரில் ஒரு திருகாணி புதிதாக இருந்தால் முகம் சுளிக்கிற மனிதர், தன் கிட்டாரை என்ன செய்து வைத்திருந்தார்? இளவயதில் குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது வேன் கதவில் சுண்டுவிரல் நசுங்கி, வளைந்தபடியே நின்றுவிட்டது. ஒலி கூட்டும் குமிழை அந்த விரலால்தான் திருப்ப வேண்டும். எட்டவில்லை. என்ன செய்தார்? வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிட்டாரைக் கிடத்தி, கைத்துளைப்பானால் இரண்டு விரற்கடை தள்ளிப் புது ஓட்டை போட்டு, குமிழை அங்கே மாற்றிவிட்டார். டார்ச் பிடித்தது அண்ணி. பழைய ஓட்டை பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடந்தது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஆணியில் தொங்கிய தன் கோட்டிலிருந்து ஒரு பழுப்புப் பொத்தானைப் பிய்த்துக் கொடுத்தார். அதை வைத்து அடைத்தாயிற்று.

"இப்ப என் கிட்டாரும் தொட்டது, உன் கோட்டும் தொட்டது" என்றாராம் அண்ணன்.

இந்தக் கதையை அண்ணி எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டை அப்படியே ஒரு பொத்தான் குறைவாகவே இரண்டு குளிர்காலம் போட்டுக்கொண்டு திரிந்ததையும் சேர்த்துச் சொல்வார். அந்தப் பொத்தானும் அந்த ஓட்டையுமாகத்தான் அவர் நாற்பது வருஷம் வாசித்தார். உங்களில் பலர் அந்தக் கிட்டாரின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்கள். யாருக்காவது குறை தெரிந்ததா?

இப்போது மேசையைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்றுகூடப் பார்க்கலாம். பொத்தான் இல்லை. புது ஓட்டை இல்லை. குமிழ் தொழிற்சாலையில் வைத்த இடத்தில் இருக்கிறது.

நடந்தது இதுதான். அவர் போன பிறகு, அவர் நினைவாக அந்தக் கிட்டாரைக் கண்ணாடி அறையில் வைக்கலாம் என்று சங்கம் தீர்மானித்தது. நல்ல தீர்மானம். அப்போது யாரோ கேட்டிருக்கிறார்கள், கைபடாததற்காக வாழ்ந்த மனிதரின் கிட்டாரே தொட்டதாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. எல்லோருக்கும் அது சரியென்று பட்டிருக்கிறது. அண்ணியிடம் கேட்டார்கள். நல்லபடியாகச் செய்து வைக்கிறோம் என்றார்கள். அவர், செய்யுங்கள் என்றார். எதைச் செய்யப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தேன்.

நம் கூட்டத்தைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு தொழிலில் என்றால், போனவரின் பொருளைத் துடைத்து வைத்திருப்பார்கள். நாம் அவரைத் திருத்தி வைத்துவிட்டோம்.

வேலை செய்தவர் மெருகு. அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை இந்த மேசையே சொல்லும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். மெருகு, நான் உங்களைக் குறை சொல்ல எழுந்திருக்கவில்லை. அதே வயதுள்ள மரத்துண்டைத் தேடி எடுத்து, ரேகை பார்த்து ஓட்டையை அடைத்திருக்கிறார். உடைந்துபோன ஒரு பழைய கிட்டாரின் வார்னிஷைச் சுரண்டிக் கரைத்து அதன்மேல் பூசியிருக்கிறார். பழைய வார்னிஷ் ஆனதால் விளக்கிலும் பச்சைதான். உள்ளே அதே வருஷத்துக் குமிழ், அதே துணி சுற்றிய ஒயர், மங்கிய ஈயம். போன வாரம் நானே இருட்டறையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. அந்தக் கதை எனக்குத் தெரிந்திருக்காவிட்டால் நான், "கைபடாதது" என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது.

அதை எனக்கு முதலில் காட்டியவர் ஐயா. கண்ணாடி அறையில் அண்ணியும் இருந்தார், தலைவரும் மெருகும் இருந்தார்கள். ஐயாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "டீச்சரம்மா, ஓட்டை எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அசந்துபோனேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணி மட்டும் கிட்டே போய், விரலால் தடவிப் பார்த்தார்.

"பொத்தான் எங்கப்பா?"

மெருகுவுக்கு ஒரு கணம் புரியவில்லை. "அதுவா... குப்பையோட போயிருக்கும் அண்ணி. சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே."

"பரவால்லப்பா. கோட்டே எப்பவோ போயிடுச்சு" என்றார் அண்ணி.

அவ்வளவுதான். கீழே இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே தலைவர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். சான்றிதழுக்கு இரண்டு கையெழுத்து வேண்டுமே என்று அவர் யோசித்திருக்கிறார். யோசித்து, அண்ணனின் கையெழுத்தை ரப்பர் அச்சாகச் செய்துவிட்டார். அழகாகவே வந்திருக்கிறது. "இனிமே யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்மா, ரெண்டும் உங்க கைலதான்" என்று அந்த அச்சை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்குப் பெரிய பரிசு கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தார். 'கைபடாதது' என்று எழுதி இந்த மேசையில் வைத்திருக்கும் சான்றிதழில் அந்த அச்சு ஏற்கெனவே விழுந்திருக்கிறது. போனவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உயிரோடு இருக்கிறவள்தான் பாக்கி.

நான் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று உங்களுக்குப் புரிகிறதா? இன்று இதில் கையெழுத்துப் போட்டால், அவருடைய பெயரில் வரும் முதல் பொய்யை அவருடைய கிட்டாரிலேயே எழுதியவள் ஆவேன். நாளை முதல் எந்தக் கிட்டார் வந்தாலும் நானே பார்த்து, நானே ஒத்துக்கொண்டு, இரண்டு கையெழுத்தும் நானே போடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். போடாவிட்டால்? ஐயாவின் கட்டடம், ஐயாவின் அறை. உள்ளே உங்கள் கிட்டார்கள் சுவரோரம் வரிசையாகக் காத்திருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் அவற்றை நீங்கள் விற்க முடியாது. கண்ணாடி அறையில் இந்தக் கிட்டாருக்கான நினைவுப் பெட்டி தயாராகிவிட்டது. அண்ணி, உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். இதில் யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அவர்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தீர்கள். கையைக் காலைக் கட்டிப்போட்டாலாவது அவிழ்க்கப் பார்க்கலாம். தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் என்ன செய்வது?

எனக்கு முன்னால் பேசிய ஒவ்வொருவரும், இனிமேல் டீச்சரம்மாதான் அவருடைய கண் என்றீர்கள். கைதட்டினீர்கள். நான் அவருடைய கண்ணாக இருந்தேனா? பதினெட்டு வருஷம் நான் அந்த அறையில் இருந்தது அவருடைய கண்ணாக இல்லாமல் இருப்பதற்குத்தான். அவர் பார்த்ததையே நானும் பார்த்திருந்தால் என்னை அவர் அடுத்த நாளே விளக்கு விற்க அனுப்பியிருப்பார். ஒரே ஆளின் இரண்டு கண் என்றால் அது ஒரு கையெழுத்துதான்.

திரும்ப ஓட்டை போட்டு, வேறொரு பழுப்புப் பொத்தானைத் தேடி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மெருகு செய்தால் அண்ணிக்கே வித்தியாசம் தெரியாமல் செய்வார். ஆனால் அது மெருகு போட்ட ஓட்டையாக இருக்கும், அண்ணன் போட்டதாக இருக்காது. அண்ணி டார்ச் பிடித்ததாக இருக்காது. போனது போனதுதான். அதை ஏற்றுக்கொள்ளத்தான் இரங்கல் கூட்டம் என்று ஒன்று கூடுகிறோம் என்று நினைக்கிறேன்.

அண்ணி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். தலைவர் அவர்களே, ஐயா அவர்களே, நீங்களும். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இந்த மாதிரிக் கூட்டங்களின் முறை. நானும் சொல்கிறேன். ஆனால் எப்படித் தொடரப் போகிறேன் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் என் கணவரிடம் சொல்லவில்லை. வரும் வழியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது அன்பாகத் தடுத்திருப்பீர்கள்.

நான் இந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் போவதில்லை. அந்த ரப்பர் அச்சை இந்தக் கூட்டம் முடிந்ததும் அண்ணி கையில் கொடுத்துவிடுவேன். அது அவருடைய கணவரின் கையெழுத்து, அதை வைத்துக்கொள்வதும் எறிவதும் அவர் விருப்பம். இன்னொரு ஆள் வந்து எனக்கு எதிரே உட்காரும்வரை, எந்தக் கிட்டாருக்கும் என் கையெழுத்து வராது. உங்களுக்கு நஷ்டம், தெரியும். ஐயா அறையைக் காலி செய்யச் சொன்னால் காலி செய்கிறேன். விளக்கைப் பிடிக்க எங்காவது ஓர் இருட்டு கிடைக்கும்.

அந்த இன்னொரு ஆள் யார் என்பதையும் முடிவு செய்துவிட்டேன்.

மெருகு, தலையை நிமிர்த்துங்கள். உங்களிடமும் இதை நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்டு உங்களையும் என்னைப் போலவே மாட்டிவிடுகிறேன், அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விளக்குக்கும் தெரியாமல் மறைக்கத் தெரிந்த கை இந்த ஊரில் உங்களுடையது ஒன்றுதான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அண்ணன் இருந்திருந்தால் உங்களைத்தான் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இது என்னுடைய முடிவு. முடியாது என்றால் இங்கே சொல்லாதீர்கள், தனியாக வந்து சொல்லுங்கள். முடியும் என்றால் நாளைக் காலையில் நகத்தை வெட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாம் முதலில் திறக்கப்போவது இந்தக் கிட்டார். நீங்கள் பார்ப்பீர்கள், மூடி வைப்பீர்கள். பிறகு நான் பார்ப்பேன். நடுவில் மழையைப் பற்றிப் பேசுவோம், வீட்டைப் பற்றிப் பேசுவோம், இதைப் பற்றிப் பேச மாட்டோம். கடைசியில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும்.

முதலில் நீங்கள் சொல்லுங்கள்.